2 ஹெச்.பி. தட்டை வெட்டும் மெஷின்: பத்துக் கன்றுக்கு வாங்கலாமா?

கறிக்கு எருமைக் கடாக்கன்று வளர்த்தால் செலவில் பெரும்பங்கு தீவனம்தான். 200 கிலோ கன்றுக்கு நாளைக்கு 15 கிலோ பசும்புல், 2 கிலோ கூளம், 1 கிலோ அடர்தீவனம் என்று கணக்கு வையுங்கள். கோ 4 புல்லை (கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்) முழுசாகப் போட்டால் இலையை உருவித் தின்றுவிட்டு, தண்டைக் காலில் போட்டு மிதிக்கும். கன்றுக்கு 3 கிலோ தண்டு வீணானாலே பத்துக்கும் சேர்த்து 30 கிலோ. அது இரண்டு கன்றின் ஒருநாள் புல்! மெஷின் போட்ட காசு திரும்புவது இங்கேதான். ஆள்கூலி மிச்சம் அதற்கு அடுத்துதான். மூன்று நான்கு உருப்படிதான் என்றால் கையால் சுற்றும் மெஷினே போதும்.

150 கிலோ புல் அரை மணி நேரத்தில் முடிகிறது, கரண்ட் ஒரு யூனிட்டுக்குள். துண்டு 2 முதல் 3 சென்டிமீட்டர் இருக்கட்டும். தூளாக்கினால் அசைபோடுவது குறையும்.

தொல்லை பெரும்பாலும் பிளேடில் வரும். தண்டு சுத்தமாக அறுபடாமல் நசுங்கி, நார் தொங்கினால் முனை மழுங்கிவிட்டது அல்லது பிளேடுக்கும் நிலைத்தகட்டுக்கும் (அசையாமல் இருக்கும் தகடு) இடைவெளி கூடிவிட்டது என்று அர்த்தம். அந்த நார்தான் புல்லை உள்ளே இழுக்கும் உருளையில் சுற்றி மோட்டாரைச் சூடாக்கும். சரிவுப் பக்கத்தை மட்டும் சாணை பிடியுங்கள், தட்டைப் பக்கத்தைத் தொடாதீர்கள். நிலைத்தகட்டுக்கும் பிளேடுக்கும் நடுவே கெட்டித்தாள் நுழையும் அளவு இடம் விட்டு, போல்ட்டை இறுக்குங்கள். முதல் அறுப்புக்குப் பிறகு புல்லையும் 45 நாளுக்கு ஒருமுறை அறுத்துவிட வேண்டும், முற்றினால் பிளேடு சீக்கிரம் போகும். மோட்டார் உறுமிக்கொண்டு சுற்றாமல் நின்றால் முதலில் வோல்டேஜையும் கெப்பாசிட்டரையும் பாருங்கள்.

திருநெல்வேலிப் பக்கம் கார், பிசான நெல் அறுப்பு முடிந்ததும் வரும் கட்டு வைக்கோலில் பிளாஸ்டிக் கயிறு இருக்கும். அதை முழுசாக உருவிய பிறகே மெஷின் வாயில் கொடுங்கள். துண்டாகிவிட்டால் கூளத்தோடு மாட்டின் வயிற்றுக்குப் போய்த் தங்கிவிடும். மானூர்ப் பக்கம் மானாவாரிச் சோளம் போடுகிறவர்களுக்கு இன்னொன்று: பூக்காத இளம்பயிரிலும், வறட்சியில் வாடித் துளிர்த்த தட்டையிலும் உள்ள நஞ்சு, வெட்டிப் போட்டதால் போய்விடாது. பூத்த பிறகு அறுங்கள்.

கடையில் பார்க்கும்போது புல் தள்ளும் தொட்டி 3 அடி நீளமாவது இருக்கிறதா, அதில் பாதிக்கு மேல்மூடி உண்டா என்று அளந்து பாருங்கள். உருளையைப் பின்னோக்கிச் சுற்றவைக்கும் ரிவர்ஸ் லீவர் கைக்கு எட்ட வேண்டும். மூடி இல்லாத குட்டைத் தொட்டியை விலை குறைவு என்று வாங்கவே வாங்காதீர்கள், உருளை விரலோடு கையையும் இழுத்துவிடும்.