ஆர்ச்சர்ட் தெரு 97: டெனமென்ட் அருங்காட்சியகம்

நியூயார்க் போனால் லோயர் ஈஸ்ட் சைடில் உள்ள டெனமென்ட் அருங்காட்சியகத்துக்கு அரைநாள் ஒதுக்குங்கள். ஜெர்மனியிலிருந்து வந்த தையற்காரர் லூகாஸ் க்ளாக்னர் 1863-இல் கட்டிய செங்கல் டெனமென்ட் அது, அதாவது பல குடும்பங்கள் நெருக்கமாக வாடகைக்கு வாழ்ந்த அடுக்குக் குடியிருப்பு. அரசு விதிப்படி வீடுகளைத் திருத்திக்கட்ட மனமில்லாத உரிமையாளர், 1935-இல் எல்லோரையும் காலி செய்யவைத்து மேல்தளங்களைப் பூட்டிவிட்டார். அதற்குள் ஏறக்குறைய 7,000 பேர் அங்கே வாழ்ந்திருந்தார்கள்.

அங்கே குடியிருந்த லெவின் குடும்பத்தின் வீட்டில்தான் நான் அதிக நேரம் நின்றேன். மூன்று அறை, மொத்தமே 325 சதுர அடி. 1890-களில் முன்னறையே அவர்களுக்குத் தையல் கூடம். குழந்தைகளும் அதற்குள்தான் வளர்ந்தார்கள். வெளிச்சம் வருவது அந்த ஓர் அறைக்குத்தான். நடு அறைக்கும் கொஞ்சம் போகட்டும் என்று உள்சுவரிலேயே பின்னாளில் ஜன்னல் வெட்டியிருக்கிறார்கள். அதைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்தது. கட்டடத்துக்குள் கழிவறை வந்ததே 1905-இல்தான், அதுவரை பின்முற்றத்துக்குப் போக வேண்டும். திருத்தாமல் விட்ட அறைகளில் சுவர்த்தாள் அடுக்கடுக்காக உரிந்து கிடக்கிறது. புதுப்பிக்காமல் வைத்தது ரொம்பச் சரி.

வழிகாட்டியோடுதான் உள்ளே போக முடியும், முன்பதிவு செய்துகொள்ளுங்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்குப் படிகள் கஷ்டம். அப்புறம், 103-ஆம் எண்ணில் உள்ள புத்தகக் கடையையும் விட்டுவிடாதீர்கள்.