31,999 ரூபாய்க்கு மூன்று போன்கள்: கேமுக்கு எது, கைக்கு எது, டவருக்கு எது?

2025 மே 26 அன்று ஐகூ நியோ 10, ஜூன் 24 அன்று போக்கோ எஃப்7, ஜூலை 8 அன்று ஒன்பிளஸ் நார்ட் 5 என, ஆறே வாரங்களுக்கும் சற்றுக் கூடுதலான காலத்துக்குள் இந்தியச் சந்தைக்கு வந்த இந்த மூன்று போன்களுக்கும் அறிமுகத்தின்போது வைக்கப்பட்ட தொடக்க விலை ஒன்றுதான்: 31,999 ரூபாய். கேம் ஆடுவதற்கென்றே போன் வாங்க நினைக்கும் கல்லூரி மாணவர்களும், முதல் சம்பளத்தைச் சேர்த்து வைத்து வாங்குபவர்களும் இந்த மூன்றில் எதை எடுப்பது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கேம் ஆடும் திறன், அன்றாடப் பயன்பாட்டு வசதி, நெட்வொர்க் ஆகிய மூன்றையும் வைத்தே இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். ஆனால் பெரும்பாலானோர் முதலாவதை மட்டும் அலசிவிட்டு, மூன்றாவதைப் போன் கைக்கு வந்த பிறகுதான் யோசிக்கிறார்கள்.

அறிமுக விலை ஒன்றாக இருந்தாலும், அந்த விலைக்குக் கிடைத்தது ஒன்றல்ல. போக்கோவில் 31,999 ரூபாய்க்கு 12 ஜிபி ராமும், கோப்புகளை வேகமாகப் படித்து எழுதும் யுஎஃப்எஸ் 4.1 வகையைச் சேர்ந்த 256 ஜிபி சேமிப்பகமும் கிடைத்தன. ஒன்பிளஸில் அதே தொகைக்கு 8 ஜிபி ராமும் 256 ஜிபி சேமிப்பகமும் இருந்தன; ஆனால் அந்தச் சேமிப்பகம் பழைய யுஎஃப்எஸ் 3.1 வகை. ஐகூவிலோ 8 ஜிபி ராமுடன் 128 ஜிபி மட்டுமே. அதுவும் யுஎஃப்எஸ் 3.1 தான். இரண்டு மூன்று பெரிய கேம்களையும் அவற்றின் கூடுதல் கோப்புகளையும் ஏற்றி, வாட்ஸ்அப் காணொளிகளும் சேர்ந்துவிட்டால் 128 ஜிபி போதாமல் போகும். ஆகவே ஐகூ வாங்க நினைப்பவர்கள், அறிமுகத்தின்போது 33,999 ரூபாய்க்கு வந்த 256 ஜிபி மாடலையே அதன் உண்மையான தொடக்க விலையாகக் கொண்டு ஒப்பிடுவதுதான் நியாயம்.

போனின் மூளையான சிப்செட்டைப் பொறுத்தவரை ஐகூவும் போக்கோவும் 2025 ஏப்ரலில் வெளியான ஸ்னாப்டிராகன் 8எஸ் ஜென் 4-ஐப் பயன்படுத்துகின்றன. ஒன்பிளஸ் அதற்கு முந்தைய ஆண்டின் 8எஸ் ஜென் 3-ஐப் பயன்படுத்துகிறது. புதிய சிப்பில் கிராஃபிக்ஸ் செயல்திறன் முந்தையதைவிட 49 சதவீதமும், சிபியு செயல்திறன் 31 சதவீதமும் கூடியிருப்பதாகக் குவால்காம் நிறுவனம் கூறுகிறது. இந்த எண்களைப் பார்த்ததும் ஒன்பிளஸை ஒதுக்கிவிடத் தோன்றும். ஆனால் இந்த வித்தியாசம் எந்தக் கேமில் தெரியும், எதில் தெரியாது என்று பார்க்க வேண்டும். பிஜிஎம்ஐ (பப்ஜியின் இந்தியப் பதிப்பு) போன்ற கேம்களில் நொடிக்கு எத்தனை பிரேம் (திரைப்படம்போல் அடுத்தடுத்து வரும் படங்கள்) என்ற உச்ச வரம்பைக் கேம் நிறுவனமே போன் வாரியாக நிர்ணயிக்கிறது. அந்த வரம்பை எட்டுவதற்கு வேண்டிய வலு பழைய சிப்பிலும் இருக்கிறது. கென்ஷின் இம்பாக்ட், வதரிங் வேவ்ஸ் போன்ற கனமான கேம்களை உயர்ந்த கிராஃபிக்ஸில் நீண்ட நேரம் ஆடுபவர்களுக்குத்தான் புதிய சிப்பின் பலன் கண்கூடாகக் கிடைக்கும்.

இதில் சூடு முக்கியமான விஷயம். சித்திரை, வைகாசியில் மதுரையிலோ வேலூரிலோ மின்விசிறி மட்டும் ஓடும் அறையில் ஆடும்போது, போன் தன் வெப்பத்தை வெளியே தள்ளுவதற்கு வேண்டிய குளிர்ந்த காற்றே சுற்றிலும் இருக்காது. வெப்பம் ஓர் அளவைத் தாண்டியதும் எந்த சிப்பும் தன் வேகத்தைத் தானாகவே குறைத்துக்கொள்ளும். முதல் ஐந்து நிமிட பெஞ்ச்மார்க் (வேகச் சோதனை) எண்ணைவிட, அரை மணி நேர ஆட்டத்தின் கடைசி வட்டத்தில் பிரேம் எவ்வளவு நிலையாக நிற்கிறது என்பதே ஆடுபவருக்கு முக்கியம். மூன்று நிறுவனங்களும் 6,000 முதல் 7,300 சதுர மில்லிமீட்டர் வரை பரப்புள்ள, வெப்பத்தைப் பரப்பி ஆற்றும் வேப்பர் சேம்பர் வைத்திருப்பதாகச் சொல்கின்றன. அந்த வகையில் யாரும் குறை வைக்கவில்லை. ஐகூவிலும் ஒன்பிளஸிலும் உள்ள பைபாஸ் சார்ஜிங் என்னும் வசதியை நான் இதைவிட மேலாக மதிக்கிறேன். சார்ஜரைச் செருகிக்கொண்டு ஆடும்போது மின்சாரம் பேட்டரிக்குள் போகாமல் நேரடியாகப் போனை இயக்குவதால், சூடும் குறைகிறது, பேட்டரியின் ஆயுளும் காக்கப்படுகிறது. செருகியபடியே ஆடும் பழக்கம் உள்ளவர்கள் இதை ஒரு கூடுதல் அம்சமாக நினைக்காமல் தேவையாகவே கருத வேண்டும்.

திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்ற கணக்கில் ஐகூவும் ஒன்பிளஸும் 144 ஹெர்ட்ஸ், போக்கோ 120 ஹெர்ட்ஸ். 60 பிரேமில் ஒரு படம் 16.7 மில்லிநொடி நிற்கிறது, 90-இல் 11.1, 120-இல் 8.3, 144-இல் 6.9. அறுபதிலிருந்து தொண்ணூறுக்குப் போவதைக் கண்ணும் விரலும் உடனே உணரும். ஆனால் 120-க்கும் 144-க்கும் இடையே மிச்சமாவது 1.4 மில்லிநொடி. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு நெட்வொர்க்குக்கு வருவோம், ஏனென்றால் அங்கே கணக்கு வேறு அளவில் நடக்கிறது.

ஆன்லைன் கேமுக்கு வேண்டியது பதிவிறக்க வேகம் அன்று. கேம் ஒரு மணி நேரத்துக்குச் செலவழிக்கும் டேட்டா ஒரு சிறு காணொளிக்கு ஆகும் அளவுதான். விரல் அழுத்தியது சர்வருக்குப் போய்த் திரும்பிவர எடுக்கும் நேரமும், அந்த நேரம் ஏறி இறங்காமல் இருப்பதுமே முக்கியம். அந்த நேரத்தை மில்லிநொடியில் காட்டும் பிங் எண் பிஜிஎம்ஐ திரையில் சிறிய எழுத்தில் தெரியும்; அதைக் கவனித்தால் இது புரியும். முன்வாசலில் உட்கார்ந்திருக்கும்போது பச்சை நிறத்தில் 40-ஐ ஒட்டி நிற்கும் அந்த எண், கான்கிரீட் கூரையுள்ள வீட்டின் உள்ளறைக்குள் நுழைந்ததும் மஞ்சளாகி, சில நேரங்களில் சிவப்பாகி 150-ஐத் தாண்டும். நாம் சுட்டுவிட்டோம் என்று நினைக்கும் எதிரி அந்த நேரத்தில் அந்த இடத்திலேயே இருக்க மாட்டான். அங்கே இழப்பது நூறு மில்லிநொடிக்கு மேல். 1.4 மில்லிநொடிக்காகத் திரையைத் தேடித் தேடி வாங்குபவர், இந்த நூறைக் கண்டுகொள்ளாமல் விடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

இதற்குக் காரணம் போனில் இல்லை, அலைக்கற்றையில் இருக்கிறது. ஜியோவும் ஏர்டெல்லும் 5ஜி சேவைக்குப் பெரிதும் நம்பியிருப்பது என்78 எனப்படும் 3,500 மெகாஹெர்ட்ஸ் பட்டை. அதில் வேகம் அதிகம், ஆனால் சுவர்களை ஊடுருவும் திறன் குறைவு. 2022 ஏலத்தில் ஜியோ நாடெங்கும் 700 மெகாஹெர்ட்ஸ், அதாவது என்28 பட்டையையும் வாங்கியது; இந்தத் தாழ்ந்த அலைவரிசை தொலைவுக்கும் போகும், வீட்டுக்குள்ளும் நுழையும், ஆனால் 10 மெகாஹெர்ட்ஸ் மட்டுமே என்பதால் வேகம் மிதமாகத்தான் இருக்கும். கேமுக்கு அந்த மிதமான வேகமே தாராளம். மேலும் ஜியோ 5ஜியைத் தனித்தியங்கும் முறையில் நடத்துகிறது. ஏர்டெல் பெரும்பாலும் 4ஜியைத் துணையாகக் கொண்டு 5ஜியைத் தருகிறது. இதனால் ஜியோதான் எங்கும் சிறந்தது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. டவர் எத்தனை தொலைவில் இருக்கிறது, அந்த டவரில் மாலை நேரத்தில் எத்தனை பேர் கூடுகிறார்கள் என்பதைப் பொறுத்து, நெரிசல் இல்லாத 4ஜி நெரிசலான 5ஜியைவிட நிலையான பிங் தருவதும் உண்டு. 2025 செப்டம்பர் 27 முதல் உள்நாட்டுத் தொழில்நுட்பத்தில் 4ஜியைப் பரவலாக்கியுள்ள பிஎஸ்என்எல், மற்றவர்களின் டவர் எட்டாத ஊர்களில் இரண்டாவது சிம்மாகவாவது வைத்துக்கொள்ளத் தக்கது.

மூன்று போன்களும் என்28, என்78 இரண்டையும் ஏற்பதால், பட்டைகளின் பட்டியலை வைத்து ஒன்றை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்த முடியாது. கையில் பிடிக்கும் விதத்தில் மட்டும் ஒரு நுட்பம் உண்டு. போனைக் கிடைமட்டமாகப் பிடித்து ஆடும்போது, முக்கிய ஆன்டெனாக்கள் இருக்கும் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் நம் இரு உள்ளங்கைகளுக்குள் போய்விடுகின்றன. சிக்னல் ஏற்கெனவே மெலிந்த இடத்தில் இது இன்னும் குறைக்கும். விளிம்பில் உலோகம் உள்ள கேஸ்களையும், காந்தத் தகடு ஒட்டிய கேஸ்களையும் கேம் ஆடுபவர்கள் தவிர்த்துவிடலாம்.

இனி அன்றாடப் பயன்பாடு. இதில் என் முதலிடம் ஒன்பிளஸுக்கு. அதன் இயங்குதளமான ஆக்சிஜன் ஓஎஸ் அடக்கமாக இருக்கிறது. வீட்டில் உள்ள பெரியவர்கள் கையில் கொடுத்தாலும் தடுமாறாமல் பயன்படுத்துவார்கள். போக்கோவின் ஹைப்பர் ஓஎஸ், ஐகூ அறிமுகத்தின்போது கொண்டிருந்த ஃபன்டச் ஓஎஸ் இரண்டிலும் நாம் கேட்காத செயலிகள் கூட்டமாக வந்தன. வாங்கிய முதல் நாளே உட்கார்ந்து நீக்கிவிட்டால் பிறகு தொல்லை பெரிதாக இராது. ஒன்பிளஸும் போக்கோவும் நான்கு ஆண்ட்ராய்டு மேம்பாடுகளும் ஆறு ஆண்டுப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளும் தருவதாக உறுதியளிக்க, ஐகூ மூன்று மேம்பாடுகளோடும் நான்கு ஆண்டுகளோடும் நிறுத்திக்கொள்கிறது. வீடியோ கால் அதிகம் பேசுபவர்களுக்கு ஒன்பிளஸின் 50 மெகாபிக்சல் முன்கேமரா நல்ல துணை. ஆண்டுக்கணக்காக விரும்பப்பட்ட அலெர்ட் ஸ்லைடரை எடுத்துவிட்டு அங்கே பிளஸ் கீ என்ற பொத்தானை வைத்ததை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. பைக்குள் கைவிட்டு, திரையைப் பாராமலே ஒலியை அடக்கும் வசதி அந்த ஸ்லைடர்.

பேட்டரியில் போக்கோவின் 7,550 எம்ஏஎச் முன்னால் நிற்கிறது; ஐகூ 7,000, ஒன்பிளஸ் 6,800. சார்ஜ் ஏறும் வேகத்தில் ஐகூவின் 120 வாட்டுக்குப் பின்னால்தான் போக்கோவின் 90 வாட்டும் ஒன்பிளஸின் 80 வாட்டும். நீர்த்தடுப்பில் போக்கோவுக்கு நீரில் மூழ்கினாலும் தாங்கும் ஐபி68, ஐபி69 தரச்சான்று இருக்கிறது, மற்ற இரண்டுக்கும் நீர்த்தெறிப்பை மட்டும் தாங்கும் ஐபி65 தான். மழையில் பைக் ஓட்டி வேலைக்குப் போகிறவர்கள் இதற்காகவே போக்கோவை எடுக்கலாம். எடை மூன்றிலும் 200 கிராமுக்கு மேல். மூன்றிலும் 3.5 மில்லிமீட்டர் ஹெட்போன் துளை இல்லை என்பது கேம் ஆடுபவர்களுக்கு உண்மையான குறை. சாதாரண புளூடூத் இயர்போனில் எதிரியின் காலடி ஓசை சற்றுத் தாமதித்தே கேட்கும். டைப்-சி இயர்போனைச் செருகினால் சார்ஜர் செருக இடமிருக்காது.

போட்டிகளில் கலந்துகொள்ளும் அளவுக்கு ஆடுபவர்களுக்கு 256 ஜிபி ஐகூ நியோ 10-ஐத் தயங்காமல் பரிந்துரைப்பேன். மாலையில் ஒரு மணி நேரம் ஆடிவிட்டு, மற்ற நேரமெல்லாம் வேலைக்கும் பேச்சுக்கும் படத்துக்கும் போனைப் பயன்படுத்துபவர்களுக்கு நார்ட் 5 போதும். சிப் பழையது என்ற கவலை வேண்டாம். கொடுக்கும் காசுக்கு அதிகப் பொருள் கையில் வர வேண்டும் என்பவர்களுக்குப் போக்கோ எஃப்7.

போனை ஆர்டர் செய்வதற்கு முன்பே சிம்மை முடிவு செய்துவிடுங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் உத்தரவுப்படி நிறுவனங்கள் தம் இணையதளத்தில் வெளியிட்டுள்ள கவரேஜ் வரைபடத்தில் உங்கள் தெருவைப் பாருங்கள். அதன்பின், வேறு நிறுவன சிம் வைத்திருக்கும் நண்பரை இரவு எட்டு மணிக்கு மேல் வீட்டுக்கு அழைத்து, நீங்கள் வழக்கமாக உட்கார்ந்து ஆடும் அதே மூலையில் ஒரு முழு ஆட்டம் ஆடச் சொல்லிப் பிங் எண்ணைக் கவனியுங்கள். ரீசார்ஜிலும் கவனம் தேவை: 2024 ஜூலை கட்டண உயர்வுக்குப் பிறகு ஜியோவிலும் ஏர்டெல்லிலும் நாளொன்றுக்கு 2 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள திட்டங்களுக்கே வரம்பற்ற 5ஜி கிடைக்கிறது. எண்ணை மாற்றாமல் வேறு நிறுவனத்துக்குப் போர்ட் செய்துவிட்டால் அடுத்த 90 நாட்களுக்கு மறுபடி மாற முடியாது; அதனால் அந்தச் சோதனையை முடித்த பிறகே போர்ட் செய்யுங்கள்.