அகபாவோ, பிலேயோ: பிரித்துப் பார்ப்பதா, ஒன்றாகக் கொள்வதா?

யோவான் 21:15-17-இல் இயேசு பேதுருவிடம் ‘என்னை நேசிக்கிறாயா’ என்று முதலிரண்டு முறை ‘அகபாவோ’ என்னும் கிரேக்க வினையாலும் மூன்றாம் முறை நேசித்தலைக் குறிக்கும் மற்றொரு வினையான ‘பிலேயோ’வாலும் கேட்க, பேதுரு மும்முறையும் ‘பிலேயோ’வாலேயே விடை சொல்வதால், இச்சொற்களை எப்படி விளக்குவது என்று வேதபாடம் நடத்துவோர் பலர் தயங்குகிறார்கள்.

சான்று
பிரித்தால்: அகபாவோ தெய்வீக அன்பையே குறிக்கும் என்னும் வாதம் நிற்காது, பவுலை விட்டுப் பிரிந்த தேமா இவ்வுலகத்தின்மேல் வைத்த ஆசைக்கும் (2 தீமோத்தேயு 4:10) அதே வினைதான்.
ஒன்றாகக் கொண்டால்: பிதா குமாரனிடம் வைத்த அன்பை யோவான் 3:35 அகபாவோவாலும், 5:20 பிலேயோவாலும் சொல்கிறது, மந்தையை மேய்க்கச் சொல்லும் கட்டளையிலும் மேய்த்தலுக்கான இரு வேறு கிரேக்க வினைகள் மாறி வருகின்றன.

பேதுருவின் துக்கம்
பிரித்தால்: சொல் மாறியதே காரணம்.
ஒன்றாகக் கொண்டால்: மூன்றாம் முறையும் கேட்டதே காரணம், 17-ஆம் வசனம் சொல்வதும் இதுதான்.

தனித் தியானத்தில் சொல்மாற்றத்தைக் கவனிப்பது பயன் தரும். சபையில் போதிப்பவருக்கோ இரண்டாவதே உறுதியான வழி.