விண்டோஸுக்குள் ஒளிந்திருந்த உபுண்டு: கோலாலம்பூரில் லினக்ஸ் கேமிங் மடிக்கணினி வாங்குவோர் கவனத்துக்கு

கேமிங் மடிக்கணினி வாங்கி அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட நினைப்பவர்கள், காசு கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

செந்தூலைச் சேர்ந்த ஒரு கல்லூரி மாணவர், புக்கிட் பிந்தாங் பக்கம் ஒரு கடையில் ஆர்டிஎக்ஸ் 4060 (என்விடியாவின் கிராஃபிக்ஸ் அட்டை) உள்ள மடிக்கணினியை 4,299 ரிங்கிட்டுக்கு வாங்கினார். லினக்ஸின் ஒரு வகையான உபுண்டுவைப் போட்டுத் தர தனியாக 250 ரிங்கிட். "லினக்ஸ் ஓடும் பாஸ், கேம் எல்லாம் ஸ்மூத்" என்று விற்பனையாளர் வாட்ஸ்அப்பில் எழுதியும் கொடுத்தார். கடையில் திறந்து காட்டியபோது உபுண்டு வந்தது, இணையம் ஓடியது. வீட்டுக்குப் போய் டோட்டா 2 போட்டால் படம் படமாக நகர்கிறது. லினக்ஸுக்கென்றே பதிப்பு உள்ள விளையாட்டு அது. 4060-க்கு அது ஒரு சுமையே இல்லை.

கடை உபுண்டுவை நிறுவவே இல்லை. விண்டோஸுக்குள் வர்ச்சுவல்பாக்ஸ் (கணினிக்குள் இன்னொரு போலிக் கணினியை ஓட்டும் மென்பொருள்) போட்டு, அதற்குள் உபுண்டுவை முழுத்திரையில் வைத்து, கணினி தொடங்கியதும் தானாகத் திறக்கும்படி செய்திருந்தார்கள். அப்படி ஓடும் உபுண்டுவுக்கு என்விடியா அட்டை தெரியாது. வர்ச்சுவல்பாக்ஸ் காட்டும் பொம்மை கிராஃபிக்ஸ் அட்டைதான் தெரியும். அதைவிட மோசம், வைஃபையும் அதற்குத் தெரியாது. வைஃபையை விண்டோஸ் பிடித்து, உள்ளே கேபிள் இணைப்பு போலக் கொடுக்கிறது. அதனால் இணையம் ஜோராக ஓடும், வைஃபை சிப்பில் உள்ள குறை வெளியே வராது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். உபுண்டுவில் கட்டளை தட்டும் டெர்மினலில் 'சிஸ்டம்டி-டிடெக்ட்-விர்ட்' (systemd-detect-virt) கட்டளையைக் கொடுங்கள். நேரடி நிறுவல் என்றால் 'நன்' (none) என்று பதில் வரும். வர்ச்சுவல்பாக்ஸ் என்றால் 'ஆரக்கிள்' (oracle) என்று வரும். பிறகு 'எல்எஸ்பிசிஐ' (lspci) கொடுத்தால் வன்பொருள் பட்டியல் வரும். அதில் என்விடியா பெயர் இல்லாமல் விஎம்வேர் அல்லது வர்ச்சுவல்பாக்ஸ் பெயர் இருந்தால் பணம் கட்டாதீர்கள்.

மாணவர் விண்டோஸை அழித்து உபுண்டுவை முறையாக நிறுவினார். அப்போதுதான் இரண்டாவது அடி விழுந்தது: வைஃபை காணோம். உள்ளே இருந்தது மீடியாடெக் எம்டி7902 வைஃபை சிப். எம்டி7921, எம்டி7922 இரண்டும் லினக்ஸில் ஓடுவதைப் பார்த்துவிட்டு, எண் ஒத்துப்போகிறதே என்று இதையும் நம்பிவிடுகிறார்கள். ஆனால் 7902-க்கு லினக்ஸின் மையமான கெர்னலில் பல ஆண்டுகள் டிரைவரே (வன்பொருளை இயக்கும் மென்பொருள்) இல்லாமல் இருந்தது. எல்எஸ்பிசிஐ கட்டளையோடு '-கே' சேர்த்தால் (lspci -k) ஒவ்வொரு பொருளுக்கும் கீழே எந்த டிரைவர் வேலை செய்கிறது என்று வரும். வைஃபைக்குக் கீழே அந்த வரி இல்லையென்றால் அது வேலை செய்யவில்லை.

கடைக்குத் திரும்பிப் போனவருக்கு 69 ரிங்கிட்டுக்கு ஒரு யூஎஸ்பி வைஃபை குச்சியை விற்றார்கள். அதன் டிரைவர் கெர்னலுக்கு வெளியே இருந்து வருவது. ஒவ்வொரு கெர்னல் மேம்படுத்தலுக்குப் பிறகும் மறுபடி கம்பைல் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் இணையம் போய்விடும். சரியான தீர்வு அட்டையை மாற்றுவது. எம்.2 2230 அளவுள்ள இன்டெல் ஏஎக்ஸ்210 போட்டால் கெர்னல் 5.10 முதல் எதுவும் நிறுவாமலே ஓடும். ஏஎக்ஸ்211 வாங்கிவிடாதீர்கள். பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் அது குறிப்பிட்ட இன்டெல் பிராசசர்களோடு மட்டுமே வேலை செய்யும், ஏஎம்டி மடிக்கணினியில் செத்த அட்டை. கழற்றும் முன் பேட்டரி இணைப்பை எடுங்கள். இரண்டு ஆண்டெனா முனைகளும் மிக மெல்லியவை, நேராக மேலே தூக்க வேண்டும். வாரண்டி பாதிக்குமா என்று சர்வீஸ் சென்டரிடம் முதலில் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, பெரும்பாலோர் கவனிக்காதது: வாட். 'ஆர்டிஎக்ஸ் 4060' என்ற ஒட்டுத்தாள் பாதி உண்மைதான் சொல்லும். மடிக்கணினி 4060-க்கு என்விடியா வகுத்த வரம்பு 35 வாட் முதல் 115 வாட் வரை, எவ்வளவு என்பதை முடிவு செய்வது மடிக்கணினி தயாரிப்பாளர். இந்த மாணவருக்குக் கிடைத்தது 60 வாட். அதே பெயரில் 115 வாட் உள்ள மடிக்கணினி கனமான விளையாட்டுகளில் தெளிவாக முந்திவிடும். 'என்விடியா-எஸ்எம்ஐ' கட்டளையில் பவர் விவரம் கேட்டால் (nvidia-smi -q -d POWER) உச்ச வரம்பு வரும். சில மாடல்களில் அந்த இடம் காலியாக இருக்கும், அப்போது ஒரு விளையாட்டை ஓடவிட்டு, திரையில் அளவுகளைக் காட்டும் மேங்கோஹட் மென்பொருளில் எத்தனை வாட் எடுக்கிறது என்று பாருங்கள். ஒரு எச்சரிக்கை: லினக்ஸில் டைனமிக் பூஸ்ட் (தேவைப்படும்போது கிராஃபிக்ஸ் அட்டைக்குக் கூடுதல் வாட் தரும் வசதி) வேலை செய்ய 'என்விடியா-பவர்டி' (nvidia-powerd) சேவை ஓட வேண்டும். அது நிறுத்தப்பட்டிருந்தால் நல்ல மடிக்கணினியும் குறைந்த வாட்டிலேயே நிற்கும். அதற்காகக் கடையோடு சண்டைக்குப் போகாதீர்கள், சேவையை இயக்கிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

இவ்வளவையும் கடையிலேயே பார்க்க ஒரு பென்டிரைவ் போதும். பாப் ஓஎஸ் என்ற லினக்ஸ் வகையின் என்விடியா பதிப்பை அதில் எழுதிக் கொண்டுபோங்கள். டிரைவர் உள்ளேயே இருப்பதால் நிறுவாமலே என்விடியா-எஸ்எம்ஐ ஓடும். செக்யூர் பூட்டை (கணினி துவங்கும்போது இயங்கும் பாதுகாப்பு அமைப்பு) அணைக்க வேண்டியிருக்கும். விண்டோஸில் வட்டைப் பூட்டும் பிட்லாக்கர் இயங்கினால் அது மீட்பு எண் கேட்கலாம் என்பதால் முன்கூட்டியே கடையிடம் சொல்லிவிடுங்கள். பென்டிரைவில் துவக்கி வைஃபை, ஒலி, திரை வெளிச்சம், எச்டிஎம்ஐ, மூடித் திறந்தால் விழிக்கிறதா என்று பாருங்கள். சீல் உடைக்க விடமாட்டோம் என்றால் அதே மாடலின் காட்சிக் கணினியில் பார்க்கக் கேளுங்கள், ஆனால் வைஃபை சிப் மட்டும் ஒரே மாடலிலேயே மாறி வரும் என்பதை மறக்க வேண்டாம். ஆர்டிஎக்ஸ் 50 வரிசை வாங்குபவர்கள் 570 அல்லது அதற்கு மேற்பட்ட டிரைவர், அதுவும் ஓப்பன் கெர்னல் மாட்யூல் வகை, உள்ள பதிப்பைத்தான் எடுத்துப்போக வேண்டும். பழையது அந்த அட்டையை அறியாது.

"கேம் எல்லாம் ஓடும்" என்ற பேச்சும் பொய்தான். ஸ்டீம் விளையாட்டுக் கடையை நடத்தும் வால்வ் 2018-இல் கொண்டுவந்த புரோட்டான் என்ற மென்பொருள் லினக்ஸில் ஆயிரக்கணக்கான விண்டோஸ் விளையாட்டுகளை ஓட்டுகிறது, உண்மை. ஆனால் வேலரன்ட், ஃபோர்ட்நைட், பப்ஜி ஓடாது. ஏபெக்ஸ் லெஜன்ட்ஸ் 2024 கடைசியில் லினக்ஸை அடைத்துவிட்டது. காரணம் ஆன்டிசீட் (விளையாட்டில் ஏமாற்றுவதைத் தடுக்கும் மென்பொருள்), மடிக்கணினி அல்ல. எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் அது மாறாது.

கடை இப்போது சொல்வது: "விண்டோஸை அழிச்சிட்டீங்க, இனி எங்க பொறுப்பு இல்ல. விற்ற பொருள் திரும்ப எடுக்க மாட்டோம்." இப்படிக் கடையில் பலகை மாட்டியிருந்தாலும் அதைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள். 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 33-ஆவது பிரிவு, நீங்கள் எதற்காக வாங்குகிறீர்கள் என்று சொல்லியிருந்தால் பொருள் அதற்குப் பொருந்த வேண்டும் என்கிறது. 34-ஆவது பிரிவு, சொன்ன விவரத்தோடு ஒத்திருக்க வேண்டும் என்கிறது. கடை பலகை மாட்டி இதிலிருந்து தப்ப முடியாது. 50,000 ரிங்கிட் வரை பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் கோரலாம். மனுக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் வேண்டாம், மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும்.

மாணவரின் கையில் வாட்ஸ்அப் செய்தி இருக்கிறது. '250 ரிங்கிட், உபுண்டு நிறுவல்' என்று ரசீதும் இருக்கிறது. இல்லாதது ஒன்றுதான்: வர்ச்சுவல்பாக்ஸ் ஓடிய திரையின் படம். அழிப்பதற்கு முன் அவர் எடுக்கவில்லை. நீங்கள் எதையும் அழிக்கும் முன் சிஸ்டம்டி, எல்எஸ்பிசிஐ, என்விடியா-எஸ்எம்ஐ மூன்றின் பதிலையும் கைப்பேசியில் படம் எடுங்கள். ரசீதில் மாடல் எண்ணோடு கிராஃபிக்ஸ் வாட், வைஃபை சிப்பின் பெயர், 'லினக்ஸ் நேரடி நிறுவல்' என்ற மூன்றையும் கடைக்காரர் கையால் எழுதி முத்திரை வைத்த பிறகே பணத்தைக் கட்டுங்கள்.