மலைக்குளிரில் எண்ணெய்ப் பிசுக்குத் தலை: சீயக்காயா, அரப்பா, ஷாம்புவா?

குன்னூர், கோத்தகிரி, ஊட்டிப் பக்கம் எண்ணெய் வடியும் தலையோடு இருப்பவர்களுக்குக் கீழே சமவெளியில் சொல்லும் யோசனை அப்படியே பொருந்தாது. மேட்டுப்பாளையத்தில் காலையில் தலைக்கு ஊற்றினால் மதியத்துக்குள் காய்ந்துவிடும். இங்கே ஜூலை மாதத்தில் ஊற்றினால், சாயங்காலம் பின்னலைப் பிரித்தாலும் உள்ளே ஈரம் நிற்கும். "ஏன் கண்ணு, இந்தக் குளிர்ல தலைக்கு ஊத்தற? சளி புடிச்சுக்கும்" என்று பக்கத்து வீட்டு அத்தை சொல்லாத வீடு இல்லை. இப்படியே தள்ளித் தள்ளிப் போட்டு வாரம் தாண்டிவிடுகிறது. மலையில் தலை பிசுபிசுத்துப் போவதற்கு இதுதான் முதல் காரணம் என்பது என் முடிவு. அதனால், எது அழுக்கை நன்றாக எடுக்கும் என்பதோடு, எது ஒரு வாளி வெந்நீரில் அலசி முடியும், எது சீக்கிரம் காயவிடும் என்பதையும் சேர்த்தே பார்க்கிறேன்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். அடிக்கடி தலைக்குக் குளித்தால் எண்ணெய் இன்னும் அதிகமாகச் சுரக்கும் என்று பலர் உறுதியாக நம்புகிறார்கள். முடியின் வேரை ஒட்டி இருக்கும் எண்ணெய்ச் சுரப்பிகள் ஆண்ட்ரோஜன் ஹார்மோனின் கட்டளைக்குத்தான் வேலை செய்கின்றன. ஆண், பெண் இருவர் உடம்பிலும் அது உண்டு. பருவ வயதில் கூடும், வயதானால் குறையும். மேலே இருக்கும் எண்ணெயைக் கழுவி எடுத்தது சுரப்பிக்குத் தெரியாது. நீட்டமான, மெல்லிய முடியில் எண்ணெய் வேகமாக வழிந்து இறங்கும். சுருட்டை முடியில் மெதுவாக இறங்கும். ஒரே வீட்டில் அக்காவுக்கு ரெண்டாம் நாளே பிசுக்கும், தங்கைக்கு ஐந்தாம் நாளும் தாங்கும். எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதை அவரவர் தலைதான் சொல்ல வேண்டும்.

ஷாம்புவிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எண்ணெய்த் தலைக்கு என் ஓட்டு அதற்குத்தான். அதில் இருக்கும் நுரைக்கும் பொருளின் ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், மறு முனை தண்ணீரைப் பிடிக்கும். அலசும்போது எண்ணெய் தண்ணீரோடு போய்விடும். பிசுக்கு அதிகமான தலையில் முதல் தடவை போட்டால் நுரையே வராது. எண்ணெய் அந்த நுரையை அமுக்கிவிடுகிறது. அதைப் பார்த்து ஷாம்பு சரியில்லை என்று இன்னும் கொட்டுகிறார்கள். தேவையில்லை. ஒரு தடவை அலசிவிட்டு, அதில் பாதி அளவு இன்னொரு தடவை போட்டால் நுரை பொங்கி வரும். விரல் நுனியால் உச்சி, பிடரி, காதோரம் என்று தோலில் மட்டும் தேய்த்தால் போதும். வழிந்து இறங்கும் நுரையே நீள முடிக்குப் போதும். பால் போல மினுங்கும் ஷாம்புவில் பெரும்பாலும் முடியை வழவழப்பாக்கும் டைமெத்திகோன் போன்ற பொருள் இருக்கும். எண்ணெய்த் தலையை அது சீக்கிரம் படிய வைத்துவிடும். கண்ணாடி மாதிரித் தெளிவாக இருப்பதைப் பார்த்து வாங்குங்கள். கண்டிஷனர் போட்டே ஆக வேண்டுமென்றால் காதுக்குக் கீழே மட்டும். விலையும் பெரிய தடை இல்லை. கடலூரில் 1983-ல் தொடங்கிய சிக் ஷாம்பு போன்றவை பாக்கெட் ஷாம்புவை ஊர் ஊராகக் கொண்டு சேர்த்ததால், தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டுப் பெட்டிக்கடையிலும் சரம் சரமாகத் தொங்குகிறது.

சீயக்காய் மேல் எனக்குப் பிரியம் உண்டு. அதன் காயில் இருக்கும் சபோனின்தான் நுரைக்கிறது. இலேசான புளிப்புத் தன்மை இருப்பதால் முடியின் மேற்செதில்கள் படிந்து, காய்ந்த பிறகு ஒரு மினுமினுப்பு வரும். ஆனால் எண்ணெயை எடுக்கும் வலு ஷாம்புவை விடக் குறைவு. நல்லெண்ணெய் தேய்த்த தலையில் கொஞ்சம் எண்ணெயை விட்டுவைக்கும். வறண்ட முடிக்கு அது வரம், பிசுக்குத் தலைக்கு அது குறை. மலையில் இன்னொரு தொல்லை, தண்ணீர். பொடியைக் கரைத்துத் தேய்த்தால், அலசி முடித்ததாக நினைத்து ஈரத்தோடு சீப்பு போடும்போது பற்களுக்கு நடுவே பழுப்பு நிறத் துகள் வரிவரியாக ஒட்டி வரும். அதை எடுக்க இன்னொரு வாளி வேண்டும். ஹீட்டரில் சூடான தண்ணீர் அதற்குள் தீர்ந்துபோயிருக்கும். மழைக்காலத்தில் கரண்டும் போயிருக்கும். அவசரத்தில் துண்டைக் கட்டிக்கொள்கிறோம், துகளும் ஈரமும் உள்ளேயே தங்கிவிடுகின்றன.

இதற்கு நல்ல மாற்று வழி இருக்கிறது. பொடியை விட்டுவிட்டு, முழுக் காயையும் ரெண்டு பூந்திக்கொட்டைத் தோலையும் ராத்திரி ஊறவைத்து, காலையில் கொதிக்கவிட்டு, துணியில் வடிகட்டி அந்தத் தண்ணீரை மட்டும் ஊற்றலாம். துகள் தொல்லை இல்லை, பாதித் தண்ணீரில் முடியும். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், நன்றாக எரியும். வெயில் அடிக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கு இதைத் தாராளமாகச் சொல்வேன்.

அரப்பு நம் கொங்கு நாட்டுச் சொத்து. உசிலை மர இலையைக் காயவைத்து இடித்த பச்சைப் பொடி. வடிகஞ்சியில் குழைத்தால் கொழகொழவென்று தலையில் நன்றாகப் பிடிக்கும். சீயக்காயை விட மென்மை, முடி சிக்காது. கோயம்புத்தூர் வெயிலுக்கு அதை மிஞ்ச ஒன்றில்லை. நீலகிரியில் அலசும் பாடு சீயக்காய்ப் பொடியைப் போலத்தான், கஞ்சி சேர்ந்தால் இன்னும் கூடுதல். வாரம் ஒருமுறை எண்ணெய்க் குளியல் போடுகிறவர்கள் வைத்துக்கொள்ளலாம். எண்ணெயே வேண்டாம் என்று தவிப்பவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

தண்ணீர் படாமல் தூவும் ட்ரை ஷாம்பு, அல்லது கூவைக்கிழங்கு மாவு, சோள மாவு: மாவுப்பொருள் எண்ணெயை உறிஞ்சுவதால் அன்றைக்குத் தலை பளிச்சென்று தெரியும். அழுக்கு, வியர்வை, உதிர்ந்த தோல் எல்லாம் அங்கேயேதான் இருக்கும். விடாத மழையில் ஒரு நாளைத் தள்ள உதவும், அவ்வளவுதான். எலுமிச்சைச் சாறு எண்ணெயை எடுக்காது, கீறல் இருந்தால் எரியும். ஊட்டியில் விற்கும் நீலகிரித் தைலத்தை நேராக மண்டையில் தேய்ப்பவர்களும் உண்டு. அது செறிவான தைலம், தோல் சிவந்து புண்ணாகும், தயவுசெய்து வேண்டாம்.

வெந்நீர் எவ்வளவு சூடு? தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே இறங்கினால் உறைந்துவிடும். ஊட்டியில் வருடத்தில் பெரும்பாலான நாள் புட்டிக்குள் வெள்ளைக் கட்டியாகத்தான் இருக்கிறது. அடுப்புத் திண்டில் வைத்துத்தான் உருக்குகிறோம். அதைத் தேய்த்துவிட்டுப் பச்சைத்தண்ணீரில் அலசினால் எண்ணெய் முடியிலேயே இறுகிவிடும், எந்த ஷாம்புவும் திணறும். கை பொறுக்கும் வெதுவெதுப்பு போதும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் தோல் வறண்டு அரிக்கும். எண்ணெய் வைக்கும் ஆசை இருந்தால், குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் முடியின் நீளத்துக்கு மட்டும் தடவுங்கள். தோடர் பெண்கள் கூந்தலைச் சுருள் சுருளாகத் திரித்து வெண்ணெய் பூசிப் பராமரித்த மலை இது. கொழுப்பு முடிக்குப் பகை இல்லை. ஏற்கெனவே சுரக்கும் மண்டைத் தோலில் இன்னொரு அடுக்கு ஏற்றி, ராத்திரி முழுக்க ஊறவிடுவதுதான் கெடுதல்.

கம்பளிக் குல்லாவையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். வெளியே பத்து டிகிரி என்றாலும் குல்லாவுக்குள் சூடும் ஈரமும்தான்; தோல் சூடானால் எண்ணெய் நன்றாக ஓடும். நெற்றியில் படும் விளிம்பைத் திருப்பிப் பாருங்கள், கறுத்து மெழுகு பூசின மாதிரி இருக்கும். கழுவின தலையில் அதையே மாட்டினால் என்ன பயன்? உள்ளே ஒரு பருத்தித் துணியைக் கட்டிக்கொண்டு அதைத் தினமும் மாற்றுவது, தலையணை உறையையும் சீப்பையும் வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் போடுவது, இது ரெண்டும் எந்த ஷாம்புவுக்கும் குறைந்த வேலை இல்லை. தேயிலை பறிக்கப் போகிறவர்கள் கூடைக் கயிற்றுக்கு அடியில் மடித்துப் போடும் துணிக்கும் இதே கதைதான்.

என் தேர்வைக் கேட்டால், மழைக்காலத்தில் ரெண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, காலையில், தெளிவான ஷாம்பு. ஈரத்தோடு கொண்டை போடாமல், துண்டால் ஒற்றி, விரித்துவிட்டு, ஹேர் டிரையர் இருந்தால் மிதமான சூட்டில் வேரை மட்டும் காயவைப்பது. வெயில் நாளில் வடித்த சீயக்காய்.

பிசுக்கோடு மஞ்சள் செதிலும் அரிப்பும் சேர்ந்தால் அது வேறு வழக்கு. எண்ணெயைத் தின்று வளரும் மலாசேசியா என்ற பூஞ்சை அங்கே வேலை காட்டுகிறது. எண்ணெய் வைத்தால் அதற்குத் தீனி. 2 சதவீத கீட்டோகொனசோல் ஷாம்புவை வாரம் இரண்டு முறை, மூன்று முதல் ஐந்து நிமிடம் தலையில் ஊறவிட்டு அலசலாம். ஒரு மாதத்தில் அடங்காவிட்டால் தோல் மருத்துவரைப் பாருங்கள். பெண்களுக்குத் திடீரென்று தலையும் முகமும் எண்ணெய் வடிந்து, மாதவிடாயும் தள்ளிப்போய், தாடையில் முடி அரும்பினால் பிசிஓஎஸ் என்ற சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு இருக்கலாம். அப்போது கடையில் ஷாம்புவை மாற்றி மாற்றி வாங்காமல் மகப்பேறு மருத்துவரிடம் போய் ஹார்மோன் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.