80 என்று எழுதியிருந்தது, உள்ளே 50தான்

பள்ளிக்கரணையில் பூநாரை வந்தாலும் சாலையிலிருந்து எட்டத்தில்தான் நிற்கும். என் சின்னக் கேமராவில் வெள்ளைப் புள்ளிதான் விழும். பெரிய லென்ஸ் வாங்க வசதியில்லை. ஸ்பாட்டிங் ஸ்கோப் என்ற பறவை பார்க்கும் தொலைநோக்கியில், நாம் கண் வைக்கும் ஐபீஸுக்குப் பின்னால் கேமராவைப் பொருத்தினால், 50 எம்எம் லென்ஸும் 20 மடங்கு ஸ்கோப்பும் சேர்ந்து 1000 எம்எம் லென்ஸ் போல ஆகிவிடும். அந்த ஆசையில்தான் மவுண்ட் ரோடு பக்கம் ஒரு கடைக்குப் போனேன்.

"20-60 ஜூம், 80 எம்எம் சார். அடாப்டர் ஃப்ரீ" என்றார் கடைக்காரர். 20-60 என்பது எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது, 80 எம்எம் என்பது முன்கண்ணாடியின் விட்டம், அடாப்டர் கேமராவை மாட்டும் இணைப்பு. டிஸ்ப்ளே பீஸில் எதிர்க் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டி பளிச்சென்று தெரிந்தது. கைக்கு வந்ததோ உள்ளேயிருந்து எடுத்துவந்த சீல் பெட்டி. விலை 14,500. "பில்லுன்னா ஜிஎஸ்டி சேரும் சார்" என்றதும் துண்டுச் சீட்டோடு திரும்பினேன். அந்தப் பேராசை என்னுடையது.

காலை ஆறரைக்கு எடுத்த படமெல்லாம் மங்கல். வெளிச்சம் போதாமல் ஷட்டர் வேகம் 1/30 விநாடியைத் தாண்டவில்லை. கை நடுக்கம் என்று நினைத்து முக்காலி, இரண்டு விநாடி டைமர் எல்லாம் வைத்துப் பார்த்தேன். ஒரு மாதம் என்னையே திட்டிக்கொண்டேன்.

அப்புறம் டெலஸ்கோப் வைத்திருக்கும் நண்பர் ஒரு ஸ்கேலோடு வந்தார். ஸ்கோப்பை 20-இல் வைத்து வெளிச்சமான வானத்தைப் பார்க்கத் திருப்பி (சூரியன் பக்கம் வேண்டவே வேண்டாம்), ஐபீஸுக்குப் பின்னால் வெள்ளைத் தாளைப் பிடித்தார். தாளை முன்னும் பின்னும் நகர்த்தினால் ஓர் இடத்தில் ஒளிவட்டம் கூர்மையாக விழும். 80-ஐ 20-ஆல் வகுத்தால் அது 4 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். என்னுடையது இரண்டரை. அதாவது உண்மையில் வேலை செய்வது 50 எம்எம் மட்டுமே. டார்ச் அடித்துப் பார்த்தால் முன்கண்ணாடிக்குப் பின்னால் துளை சிறுத்த ஒரு கறுப்பு வளையம்! மட்டமான லென்ஸின் ஓரம் படத்தைக் கெடுக்கும் என்று அதை அடைத்துவிடுகிறார்கள். வரவேண்டிய வெளிச்சத்தில் சுமார் 40 சதவீதம்தான் உள்ளே வருகிறது.

கடைக்குப் போனால், "எல்லா பீஸும் இப்படித்தான் சார் வருது. பில் இருக்கா?" நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசினேன். அங்கேயும் முதல் கேள்வி பில்தான்.

வாங்கப் போகிறவர்கள் ஸ்கேலும் தாளும் கொண்டு போங்கள். டிஸ்ப்ளேயில் இருப்பதை விட்டுவிட்டு, உங்களுக்குத் தரும் பெட்டியைப் பிரித்து அங்கேயே அளந்து பாருங்கள். உங்கள் கேமராவையும் மாட்டிப் பாருங்கள். அந்த ஃப்ரீ அடாப்டர் நடுவில் உட்காராமல் என் படங்களில் ஒரு பக்கம் கறுப்புப் பிறை விழுந்தது தனிக் கதை.

ஸ்கோப் இப்போது மொட்டை மாடியில் இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பையன் நிலா பார்க்கிறான். நிலாவுக்கு 50 போதும்.