தூரிகையா, ஏர்பிரஷா?

மாதிரி விமானத்துக்கு வண்ணம் பூசத் தூரிகை போதுமா, காற்றழுத்தத்தால் வண்ணத்தைத் தெளிக்கும் ஏர்பிரஷ் வேண்டுமா என்று தடுமாறுபவர்களுக்கு:

செலவு: தூரிகை மலிவு. ஏர்பிரஷ் என்றால் காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரசரும் வேண்டும். பணம் அங்கேதான் கரைகிறது.

பூச்சு: அகன்ற இறக்கையில் தூரிகை தடம் விடும். நீர்க்கக் கலந்து 2, 3 முறை பூசினால் குறையும், முற்றிலும் மறையாது. ஏர்பிரஷில் வண்ணத்தைப் பால் பதத்துக்குக் கரைத்து, 15 முதல் 20 பிஎஸ்ஐ அழுத்தத்தில் தெளித்தால் மெல்லிய, சீரான படலம் கிடைக்கும். ஒரு நிறம் இன்னொன்றில் மெல்லக் கரையும் உருமறைப்புப் பூச்சும் இதில்தான் எளிது.

சுத்தம்: தூரிகையை அலசினால் முடிந்தது. ஏர்பிரஷின் ஊசியையும் முனையையும் துடைக்கச் சோம்பினால் அடைத்துக்கொள்ளும் (பட்டவன் சொல்கிறேன்). முகக்கவசமும் காற்றோட்டமும் கட்டாயம்.

1:72 அளவு (அசலில் 72-இல் ஒரு பங்கு) விமானியின் முகத்துக்குத் தூரிகைதான். ஆண்டுக்கு இரண்டு மாதிரிகள் செய்பவர் அதோடு நிறுத்திக்கொள்ளலாம். டாங்கி, விமானம் என்று வரிசையாகச் செய்பவர் ஏர்பிரஷ் வாங்கட்டும்.